ஏரிக்குள் ஒரு மனை: சித்தூர், திருப்பதி நீர்நிலைகளின் வரலாறு

நம் சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, வேங்கடமலை தமிழகத்தின் வட எல்லையாக விளங்கிய பெருமையைப் பற்றி எழுதித் தருவதாகத்தான் ஒப்புக்கொண்டேன். நான் சித்தூர்ப் பக்கத்தில் பிறந்தவன். மும்பையில் தமிழ்வழிப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் புவியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். எல்லைப் பெருமை பேசுவது எனக்குப் பழகிப்போன ஒன்று. ஆனால் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி கேட்ட ஒரு கேள்வி கட்டுரையின் போக்கையே மாற்றிவிட்டது.

அவளுடைய புவியியல் பாடப் புத்தகத்தின் கடைசி அத்தியாயம் நாட்டின் பிரச்சினைகளைப் பற்றியது. சுற்றுச்சூழல் மாசு, நகரக் குப்பை, குடிசைப் பகுதி, நிலச் சீர்கேடு என்று வரிசையாகத் தலைப்புகள். எடுத்துக்காட்டாக நம் தாராவி வருகிறது. மத்தியப் பிரதேசத்து ஜாபுவா வருகிறது. தேர்வுக்கு முந்தைய வாரம் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் கேட்டாள்: "தாராவி இருக்கு, ஜாபுவா இருக்கு. உங்க ஊரைக் காணோமே தாத்தா? அங்க இந்தப் பிரச்சினை எதுவும் கிடையாதா?"

"எல்லாமே இருக்கும்மா" என்றேன்.

"நாலுமா? அப்ப எதை முதல்ல எழுதறது?"

நாற்பது மதிப்பெண்களுக்கு நான்கு தலைப்புகளாகப் பிரித்துப் பாடம் நடத்தியவன்தான் நானும். அன்று யோசித்துப் பார்த்தபோது, எங்கள் சீமையில் இந்த நான்கும் நான்கல்ல, ஒன்றே என்று தோன்றியது. அந்த ஒன்றின் பெயர் ஏரி. ஏரி கெட்ட கதையைச் சொன்னால் மாசும் நகரமும் நிலமும் தாமாகவே அதற்குள் வந்துவிடும். அந்தக் கதையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பெயரில் மட்டும் நிற்கும் தண்ணீர்

மும்பையிலிருந்து சென்னைக்கு வண்டியேறும் நம்மவர்க்கெல்லாம் ரேணிகுண்டா தெரியும். ஒரு பகலும் ஓர் இரவும் கடந்து, மறுநாள் கண் விழித்து, "ரேணிகுண்டா வந்தாச்சா?" என்று கேட்காத மும்பைத் தமிழர் இருக்க மாட்டார். 1871-இல் மதராஸ் – பம்பாய் இரயில் பாதை முழுமை பெற்ற நாளிலிருந்து நம் போக்குவரத்துக்கு அதுதான் வாசல். அங்கே இறங்கினால் திருப்பதி பத்துக் கிலோமீட்டர்தான்.

அந்தப் பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள். 'குண்டா' என்றால் தெலுங்கில் குட்டை, சிறு குளம். திருப்பதி நகருக்குள்ளும் அதைச் சுற்றியும் இப்படிப் பல பெயர்கள் உண்டு: கங்கம்மா ஜாத்திரை நடக்கும் தாத்தய்யகுண்டா, கொர்லகுண்டா, தும்மலகுண்டா. ஊரின் பழைய வரைபடத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. பேருந்து நடத்துநர் கூவும் நிறுத்தப் பெயர்களே போதும். எங்கெங்கே தண்ணீர் நின்றது என்பதை அவை சொல்லிவிடும். பெயர் நிற்கிறது, பல இடங்களில் தண்ணீர்தான் இல்லை.

சித்தூர் நகரத்திலும் இதே நிலைதான். கட்டமஞ்சிச் செருவு, கங்கினேனிச் செருவு என்ற ஏரிகளைச் சுற்றி வளர்ந்த ஊர் அது. எங்கள் வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. ஆகவே தண்ணீர்ச் சொற்கள் எங்களுக்கு இரட்டையாகவே பழக்கம். ஏரி என்றால் செருவு, மதகு என்றால் தூமு, கலங்கல் என்றால் அலுகு, வாய்க்கால் என்றால் காலுவ. பாட்டி ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலந்து பேசுவாள். மொழி இரண்டானாலும் தண்ணீர் போகும் வழி ஒன்றுதான்.

ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இந்த மாவட்டங்களில் ஒன்றுகூட இல்லை. தமிழ்ப் பாடல்களில் பொன்முகலி எனப்படும் சுவர்ணமுகி, சித்தூரை ஒட்டிச் செல்லும் நீவா, குப்பத்தின் வழியாகப் பாயும் பாலாறு ஆகிய எல்லாமே மழைக்காலத்தில் சில நாள் சீறி, பிறகு மணலாகக் கிடப்பவை. மழையோ தென்மேற்கில் கொஞ்சம், வடகிழக்கில் கொஞ்சம். அந்தச் சில நாள் மழையைப் பிடித்து வைத்தால்தான் ஆண்டு முழுவதும் பிழைப்பு. அதனால்தான் முன்னோர் ஒவ்வொரு சரிவிலும் பிறை வடிவில் கரை போட்டார்கள். மேலேரி நிறைந்து கலங்கல் வழியும் நீர் கீழேரிக்குப் போகும். அது நிறைந்தால் அடுத்ததற்கு. சங்கிலிபோல் தொடரும் இந்த ஏரிகளில் ஒன்றை மட்டும் தூர்த்தால், அதன் மேலேயும் கீழேயும் உள்ள எல்லாமே பாதிக்கப்படும்.

காசு தண்ணீரான காலம்

திருமலை, திருப்பதிக் கோயில்களின் சுவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. அவற்றில் பெரும்பான்மை தமிழ். 1930-களில் தேவஸ்தானம் அவற்றைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டது; அப்பணியில் சாது சுப்பிரமணிய சாஸ்திரியின் உழைப்பு பெரிது. அக்கல்வெட்டுகளைப் பக்திக்காகப் படிப்பவர் பலர், மன்னர் வரிசைக்காகப் படிப்பவர் சிலர். நான் தண்ணீருக்காகப் படித்தேன்.

15, 16-ஆம் நூற்றாண்டுகளில், சந்திரகிரியில் சாளுவ நரசிம்மன் ஓங்கிய காலத்திலும் அதன் பின் விஜயநகர மன்னர் காலத்திலும், அன்பர்கள் பெருமாளுக்கு நற்பணமாகக் கொடை கொடுத்தார்கள். 'பொலியூட்டு' என்பது அத்தகைய முதலீட்டுக் கொடைக்குப் பெயர். கோயிலை நிர்வகித்த தானத்தார் அந்தப் பணத்தைப் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. கோயிலுக்குரிய திருவிடையாட்ட ஊர்களில் ஏரி வெட்டவும் கால்வாய் தோண்டவும் செலவிட்டார்கள். தண்ணீர் வந்ததும் புன்செய் நன்செய் ஆயிற்று. கூடுதலாக விளைந்த நெல்லிலிருந்து பெருமாளுக்கு அமுதுபடி நடந்தது. அந்தப் பிரசாதத்தில் நான்கில் ஒரு பங்கு கொடையாளிக்கு உரியது. அதற்கு 'விட்டவன் விழுக்காடு' என்று பெயர். வரலாற்றாய்வாளர் பர்ட்டன் ஸ்டெயின் 1960-இல் எழுதிய ஒரு கட்டுரையில், இடைக்காலத் திருப்பதிக் கோயில் ஒரு வட்டாரத்தின் வேளாண்மையையே வளர்த்த அமைப்பு என்று இதைக் கொண்டே நிறுவினார்.

இந்த ஏற்பாட்டின் நயத்தைப் பாருங்கள். மலைமேல் போட்ட காசு அடிவாரத்தில் தண்ணீராக இறங்கியது. தண்ணீர் நெல்லாகி மீண்டும் மலை ஏறியது. ஏரி உடைந்தால் பெருமாளுக்கே அமுதுபடி நின்றுவிடும். ஆகவே கரையைக் காப்பது கோயிலின் வேலையாகவும் இருந்தது.

பக்கத்துக் கடப்பை மாவட்டத்துப் போருமாமிள்ளையில் 1369-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. முதலாம் புக்கரின் மகன் பாஸ்கரன் வெட்டிய பேரேரியைப் பற்றியது. ஆயிரம் ஆட்களும் நூறு வண்டிகளும் இரண்டாண்டுகள் உழைத்ததாக அது கூறுகிறது. அது மட்டுமல்ல, ஒரு நல்ல ஏரிக்கு வேண்டிய பன்னிரண்டு அங்கங்களையும், ஏரிக்கு ஆகாத ஆறு குற்றங்களையும் பட்டியலிடுகிறது. கரையில் நீர் கசிவது ஒரு குற்றம்; உவர் மண் ஒரு குற்றம்; நடுவில் மேடு இருப்பது ஒரு குற்றம். இரண்டு அரசுகளின் எல்லையில் ஏரி அமைவதும் ஒரு குற்றமாம்! வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் சிரிப்பார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் சிரிக்க மாட்டார்கள். காரணம் பின்னால் வரும்.

தூர் வண்டியும் தசபந்தமும்

1801-இல் கர்நாடக நவாபின் நிலம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. கோயில் நிர்வாகமும் வட ஆர்க்காட்டுக் கலெக்டரிடம் போயிற்று; 1843-இல் ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளிடம் ஒப்படைக்கப்பட்டு, 1933 வரை அவர்களிடம் இருந்தது. கம்பெனிக் காலத்தில் கோயிலின் உபரி வருமானம் அரசின் கஜானாவுக்குச் சென்றது. காசுக்கும் ஏரிக்கும் இருந்த தொப்புள்கொடி அறுந்தது இங்கேதான் என்பது என் கருத்து.

ஆயினும் ஊர்மட்டத்தில் பழைய முறைகள் முழுவதும் மறையவில்லை. ஏரியைக் கட்டியவருக்கோ பராமரிப்பவருக்கோ அதன் பாசனத்தில் ஒரு பங்கை விடும் தசபந்த இனாம்கள் எங்கள் பக்கத்தில் மிகுதி. ஊரார் கூடிக் கரை அடைக்கும் குடிமராமத்து வழக்கத்தை 1858-இல் மதராஸ் அரசு சட்டமாகவே ஆக்கியது. ஆனால் சட்டம் வந்தது, மனம் வரவில்லை. தாது வருஷப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை இந்தச் சீமையை வாட்டியபோது, பழுதான ஏரிகளின் விலை என்னவென்று தெரிந்தது.

நான் சிறுவனாக இருந்தபோது, 1950-களின் கடைசியில், கோடைதோறும் எங்கள் ஊர் ஏரியில் தூர் வாருவார்கள். வண்டி வண்டியாக வண்டல் மண் வயலுக்குப் போகும். அப்பா சொல்வார்: "நம்ம மண்ணுதாண்டா அது. மழையில ஓடிப்போய் ஏரியில உக்காந்திருக்கு. திருப்பிக் கூட்டிக்கிட்டு வர்றோம்." நிலச் சீர்கேடு என்ற பாடத்தை இதைவிடச் சுருக்கமாக எந்தப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை. மேட்டு நிலத்துச் செம்மண் அரித்து ஏரியில் படியும். அதை அள்ளி வயலில் போட்டால் ஏரியும் ஆழமாகும், வயலும் கொழுக்கும். வண்டி நின்றுவிட்டால் ஏரியும் மேடாகும், வயலும் மெலியும். இரண்டும் ஒரே நோய்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். மதகைத் திறந்து மூடி, இரவெல்லாம் கரையில் படுத்துக் காவல் காத்த நீர்க்கட்டி சேரியைச் சேர்ந்தவர். தண்ணீர் பாய்ந்த நிலத்தில் ஒரு காணிகூட அவர் பெயரில் கிடையாது. உழைப்பு ஒருவருடையது, விளைச்சல் இன்னொருவருடையது என்றிருந்த ஏற்பாடு, அவருடைய பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போனதும் சரிந்ததில் வியப்பில்லை. சரிய வேண்டியதுதான். அவர் செய்த வேலைக்கு மாற்றாக நாம் எதையும் வைக்கவில்லை என்பதே என் வருத்தம்.

குளத்தோடு கோபித்துக்கொண்டு

குளத்தோடு கோபித்துக்கொண்டு கால் கழுவாமல் போனானாம் என்பது பழமொழி. 1970-களிலிருந்து நாங்கள் செய்தது அதுதான். மின்சார மோட்டாரும் ஆழ்துளைக் கிணறும் வந்தன. அவரவர் நிலத்தில் அவரவர் தண்ணீர். ஊர்க்கூட்டம் வேண்டாம், கரை வேலை வேண்டாம், யாரிடமும் முறை கேட்க வேண்டாம். விடுதலையாகத்தான் இருந்தது.

ஆனால் ஆழ்துளைக் கிணற்றுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்ததே ஏரிதான். ஏரியில் நின்ற நீர் மண்ணுக்குள் இறங்கியதால்தான் கிணறு ஊறியது. அதுபோலவே ஆற்று மணல். சுவர்ணமுகி போன்ற ஆறுகளில் மணலுக்கடியில் ஓடும் நீரை ஊற்றுக்கால் வெட்டி வயலுக்குக் கொண்டுவருவது எங்கள் பக்கத்துப் பழைய வித்தை. நகரங்களின் கட்டடங்களுக்காக லாரி லாரியாக மணல் போனபின், ஊற்றுக்காலும் போயிற்று. ஏற்றம் இறைத்த கிணறுகள் வற்றி, ஆழ்துளை முந்நூறு அடி, அறுநூறு அடி என்று இறங்கி, பல ஊர்களில் ஆயிரம் அடியையும் தொட்டது. 2002-இல் ஆந்திர அரசு நீர், நிலம், மரம் மூன்றுக்குமாக 'வால்டா' சட்டம் கொண்டுவந்து கிணறு தோண்டுவதற்குக் கட்டுப்பாடு விதித்தது. 2004-இல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்தது. ஒரு கை தடுத்தது. மறு கை திறந்துவிட்டது. கடன்பட்ட விவசாயிக்கு அந்த மின்சாரம் உயிர்த்துளி என்பதையும் நான் மறுக்கவில்லை.

ஏரியைப் பயன்படுத்த ஆளில்லாதபோது அது 'சும்மா கிடக்கும் இடம்' ஆயிற்று. சும்மா கிடக்கும் இடத்தில் முதலில் குப்பை வரும், பிறகு சாக்கடை வரும், அதன்பின் வீட்டுமனை வரும். நான் பார்த்த ஊர்களிலெல்லாம் இந்த வரிசை மாறியதே இல்லை.

மலையடிவாரத்து நகரம்

திருப்பதி 1886-இல் நகராட்சி ஆயிற்று. 1944-இல் முதல் மலைப்பாதையில் மோட்டார் வண்டி ஏறத் தொடங்கியது. 1954-இல் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் தொடங்கியது. 2007-இல் மாநகராட்சி, 2022 ஏப்ரல் 4 முதல் தனி மாவட்டத் தலைநகரம். இன்று நாளொன்றுக்கு அறுபது எழுபதாயிரம் பேர் மலையேறுகிறார்கள். அத்தனை பேருக்கும் குளிக்க, குடிக்கத் தண்ணீர் வேண்டும். அத்தனை பேரின் கழிவும் எங்காவது போயாக வேண்டும்.

தண்ணீருக்காக 1977-இல் கல்யாணி அணை கட்டினார்கள். மழை பொய்த்தால் அணையும் பொய்க்கும். பின்னர், கிருஷ்ணா நீரைச் சென்னைக்குக் கொண்டுபோகும் தெலுங்கு கங்கைக் கால்வாயிலிருந்து இந்நகரத்துக்கும் பங்கு எடுத்தார்கள். 1983-இல் ஒப்பந்தமாகி, 1996-இல் சென்னையை எட்டிய அதே நீர்தான். வாசலில் இருந்த குண்டாக்களைத் தூர்த்துவிட்டு, ஸ்ரீசைலத்திலிருந்து தண்ணீர் வரவழைக்கிறோம். சித்தூர்ப் பக்கமும் இதேதான். ஹந்திரி – நீவா என்று எங்கள் ஆற்றின் பெயரையே சூட்டிய திட்டத்தில், கிருஷ்ணா நீரைப் பல இடங்களில் மேலேற்றி மேற்கத்திய மேட்டு நிலங்களுக்குக் கொண்டுவருகிறார்கள்.

மலைமேல் தூய்மைக்கு உண்மையாகவே முயற்சி நடக்கிறது. பிளாஸ்டிக் பைக்கும் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலுக்கும் அங்கே தடை. கண்ணாடிப் பாட்டிலில்தான் தண்ணீர் விற்கிறார்கள். கீழே நகரத்தின் கழிவுநீரைச் சுத்திகரிக்கத் தூகிவாகத்தில் நிலையம் உண்டு. ஆனாலும் வாய்க்கால் வழியே தப்பிப்போகும் சாக்கடை சுவர்ணமுகியைத்தான் சேர்கிறது. மழைநீர் வாய்க்காலும் சாக்கடையும் ஒன்றாகிவிட்ட ஊரில், அந்த வாய்க்கால் ஓரத்தில் வாழ்பவர்கள் விடுதிகளில் துணி துவைப்பவர்களும் பாத்திரம் கழுவுபவர்களும்தான். வெள்ளம் வந்தால் முதலில் அவர்கள் வீட்டுக்குள் வரும். தண்ணீர்ப் பஞ்சம் வந்தால் முதலில் அவர்கள் தெருக்குழாய்தான் நிற்கும்.

எல்லையில் அமைந்த குற்றம்

போருமாமிள்ளைக் கல்வெட்டு சொன்ன அந்தக் குற்றத்துக்கு இப்போது வருவோம். 1911 ஏப்ரல் 1 அன்று வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பிரித்த பகுதிகளைச் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் உண்டாயிற்று. 1953 அக்டோபர் 1-இல் ஆந்திரம் பிறந்தபோது அது அங்கே போயிற்று. ம.பொ.சி., மங்கலங்கிழார் போன்றோரின் வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பின், 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி உள்ளிட்ட பகுதிகள் நமக்கு வந்தன. திருப்பதியும் சித்தூரும் அங்கேயே நின்றன. இந்த வரலாற்றை நம் மலர்களில் பலமுறை படித்திருப்பீர்கள்.

கோடு கிழித்தவர்கள் ஊர்களைப் பிரித்தார்கள். ஆறுகளைப் பிரிக்க முடியவில்லை. சித்தூரைக் கடக்கும் நீவா பொன்னையாற்றில் கலக்கிறது. பொன்னை தமிழ்நாட்டுக்குள் வந்து பாலாற்றில் சேர்கிறது. சித்தூர்ச் சாக்கடை நம் பாலாற்றின் தலையில்தான் விழுகிறது. குப்பம் பகுதியில் பாலாற்றின் குறுக்கே ஆந்திரம் அணை கட்ட முற்பட்டபோது, 2006-இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் சென்றது. சரி, நம் பக்கம் வந்த பாலாற்றை நாம் எப்படி வைத்திருக்கிறோம்? வாணியம்பாடி, ஆம்பூர்த் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவால் அந்த ஆறும் அதன் இருகரை நிலமும் உவராகிப் போயின. 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் வழக்கில், மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. அந்த நெறியை நாடெங்கும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அதே பாலாற்று மக்களின் இழப்பீட்டுக்காக 2025 ஜனவரியில் மீண்டும் ஒரு தீர்ப்பு தேவைப்பட்டது.

மேலே இருப்பவன் தண்ணீரைத் தடுக்கிறான் என்று கீழே இருப்பவன் குறை சொல்வதும், கீழே இருப்பவன் எப்படியும் கெடுக்கத்தான் போகிறான் என்று மேலே இருப்பவன் நினைப்பதும் எல்லையோர நோய். ஒரு காலத்தில் இந்த இருவரும் ஒரே வட ஆர்க்காட்டுக்காரர்கள்.

என் மனை

இனி என் பங்கு. 1994-இல் திருப்பதி மேற்குப் பக்கத்தில் ஒரு மனை வாங்கினேன். ஓய்வு பெற்றபின் ஏழுமலையான் காலடியில் ஒரு சிறு வீடு என்பது நம்மில் பலருக்கும் உள்ள கனவுதானே? இடத்தைப் பார்க்கப் போனேன். மேசைபோல் தட்டையான நிலம். செம்மண் சீமையில் அங்கே மட்டும் கறுத்த வண்டல். ஓரமாகக் கருவேல மரங்கள். ஒரு மூலையில் இரண்டு கல்தூண்கள், அவற்றுக்குக் குறுக்கே ஒரு கல். அது மதகுக் கல். நான் வகுப்பில் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுகிற அதே மதகு.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் அருகில் வந்து, "இதி செருவண்டி சார்" என்றார். இது ஏரிங்க சார் என்று பொருள். கூட வந்த தரகர் சிரித்தார். "அதெல்லாம் அந்தக் காலம் சார். தண்ணி வந்து இருபது வருஷம் ஆச்சு." காகிதங்களில் எல்லா முத்திரையும் இருந்தன. நான் கையெழுத்துப் போட்டேன். தெரியாமல் ஏமாந்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. தெரிந்துதான், இருபது வருஷம் வராத தண்ணீர் இனியும் வராது என்று நம்ப விரும்பினேன்.

2021 நவம்பர் 18, 19 தேதிகளில் வந்தது. திருமலைப் படிக்கட்டுகள் அருவியாயின, மலைப்பாதையில் பாறைகள் சரிந்தன, கபிலதீர்த்தம் பொங்கியது, திருப்பதித் தெருக்களில் வாகனங்கள் மிதந்தன. சில நாள் கழித்து, விஜயநகர காலத்ததாகச் சொல்லப்படும் ராயலசெருவின் கரை கசியத் தொடங்க, கீழேயுள்ள ஊர்களைக் காலி செய்தார்கள். மனைக்குப் பக்கத்தில் வீடு கட்டிக் குடியிருக்கும் நண்பர் கைப்பேசியில் படம் அனுப்பினார்: என் மனையில் இடுப்பளவு தண்ணீர். அவர் குடும்பம் இரண்டு இரவுகள் மாடியில் இருந்தது. 2005 ஜூலை 26-இல் 944 மில்லிமீட்டர் மழையில் நாம் மும்பையில் தவித்த இரவு எனக்கு நினைவுக்கு வந்தது. அன்று மித்தி ஆற்றை நெருக்கியவர்களை நான் எத்தனை கடுமையாகப் பேசினேன்!

நாம் பிழைக்கப்போன ஊர்களிலும் இதே கதைதான். பெங்களூரின் மத்தியப் பேருந்து நிலையம் தர்மாம்புதி ஏரியின்மீது நிற்கிறது. சென்னை வள்ளுவர் கோட்டம் நுங்கம்பாக்கம் ஏரியின்மீது நிற்கிறது. தியாகராய நகர், நீண்டு கிடந்த மாம்பலம் ஏரியில் எழுந்தது. ஆனால் மற்றவர் கதையைச் சொல்லி நான் தப்பிக்க முடியாது.

தண்ணீர் வடிந்த பிறகும் மனை விலை குறையவில்லை, ஏறித்தான் இருக்கிறது. பேத்தியின் மேற்படிப்புக்கு அந்தப் பணம் வேண்டும். விற்றுவிடலாம் என்று மகன் சொன்னான். சென்ற ஆண்டு நமக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பமே கேட்டது. நான் உள்ளதைச் சொன்னேன். அவர் பதறவில்லை. "பரவாயில்ல சார், நாலடி மண்ணடிச்சு மேடாக்கிக்கலாம்" என்றார். மேடாக்கலாம்தான். அவர் வாசலில் நிற்க வேண்டிய தண்ணீர் அப்போது பக்கத்து வீட்டு நண்பரின் கூடத்துக்குப் போகும். தண்ணீருக்கு இடம் வேண்டுமே!

வீட்டில் இதைப் பற்றி நெடுநேரம் பேசினோம். மகனுக்கு என்மேல் வருத்தம்தான். அவன் கணக்கும் தவறில்லை. கடைசியில் என் மனைவிதான் சொன்னாள்: "நமக்கு ஒருத்தர் செஞ்சதை நாம இன்னொருத்தருக்குச் செய்யணுமாங்க?" மனையை விற்கவில்லை. கட்டவும் போவதில்லை. அது சும்மா கிடக்கிறது. பேத்தியின் படிப்புக்குக் கடன் வாங்கப் போகிறோம். ஒரு மனை காலியாகக் கிடப்பதால் ஏரி திரும்பி வந்துவிடாது என்று எனக்குத் தெரியும். அந்த அளவுக்காவது தண்ணீருக்கு இடம் இருக்கட்டும்.

இம்மலரைப் படிக்கும் அன்பர்களில் பலர் சொந்த ஊர்ப்பக்கம் மனை வாங்கும் எண்ணத்தில் இருப்பீர்கள். காகிதத்தைப் பாருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதோடு இன்னும் மூன்று செய்யுங்கள். அந்த இடத்தின் பெயரில் ஏரி, குட்டை, தாங்கல், செருவு, குண்டா என்று ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். மழைக்காலத்தில் ஒருமுறை நேரில் போய் நில்லுங்கள். அங்கே ஆடு மாடு மேய்க்கும் வயதானவர் ஒருவரிடம், "ஐயா, இங்க மதகு எங்க இருந்துச்சு?" என்று கேளுங்கள். அவர் விரலை நீட்டிக் காட்டினால் நம்புங்கள்.

பேத்தி தேர்வில் தாராவியைப் பற்றித்தான் எழுதினாள். புத்தகத்தில் இருப்பதுதானே மதிப்பெண். இந்தக் கட்டுரையின் கையெழுத்துப் படியைப் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: "லீவுல என்னை அங்க கூட்டிக்கிட்டுப் போறீங்களா தாத்தா? அந்த மதகைப் பாக்கணும்." இருக்கிறதா என்று போய்த்தான் பார்க்க வேண்டும்.